சேபோயின் பிஸ்டனை ஓட்டையாக்கியது யார்?

ஜெபம் செய்து கூட்டத்தைத் தொடங்கிவைத்த போதகர் அவர்களே, அடக்கக் குழுத் தலைவர் அவர்களே, பள்ளத்தாக்குக்கு அக்கரையில் இருக்கும் கபர்நெட்டிலிருந்து வந்து, வந்த வேகத்திலேயே இந்த மேடையின் ஒரே மெத்தை நாற்காலியையும் பிடித்துக்கொண்ட எதிர்ச் சங்கத் தலைவர் சொலமன் செப்கோங்கா அவர்களே, கணவரைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தபித்தா அம்மா அவர்களே, மகள் ஜெரோட்டிச் அவர்களே, நம் இட்டன் பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்தின் பதினோரு உறுப்பினர்களே! மன்னிக்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமையோடு நாம் பத்துப் பேர் ஆகிவிட்டோம். எண்ணிக்கையைத் திருத்திச் சொல்ல நாக்கு இன்னும் பழகவில்லை.

சங்கத்தின் செயலாளரும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியருமான கிமோசொப் ஆகிய எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வாத்தியாருக்கு ஐந்து நிமிடம்! என்னிடம் படித்தவர்கள் இந்தக் கூடத்தில் பாதிப்பேர் இருக்கிறீர்கள். நான் எந்தக் காலத்தில் ஐந்து நிமிடத்தில் முடித்திருக்கிறேன்? டீ வாங்காதவர்கள் இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.

யாரை இழந்து நிற்கிறோம் நாம்? பர்னபாஸ் சேபோயை இழந்து நிற்கிறோம். கால்நடைத் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் சினை ஊசி போட்ட பெருமகனை இழந்து நிற்கிறோம். உங்கள் கையில் இருக்கும் டீயில் பால் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? மாட்டிடமிருந்து என்பீர்கள். அந்த மாடு எங்கிருந்து வந்தது? சேபோயின் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டிலிருந்து வந்தது! உறையவைத்த காளை விந்து இருக்கும், பனிப்புகை கக்கும் அந்தக் குடுவையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் போகாத மேடு உண்டா? போகாத சேறு உண்டா? இந்த மாவட்டத்தில் அவரைக் கண்டதும் வாலைத் தூக்காத பசுதான் உண்டா?

சிரியுங்கள், சிரியுங்கள். தபித்தா அம்மாவே சிரிக்கிறார்கள்.

பசு பருவத்துக்கு வந்துவிட்டால் காத்திருக்காது. இன்றைக்கு விட்டால் இருபத்தொரு நாள் போச்சு. ஆகையால் சேபோயின் வண்டி முதல் உதையிலேயே கிளம்பியாக வேண்டும். அந்த வண்டியோ நம்மில் பலருக்கு அண்ணன் வயது. ஒரு பாதிரியார் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன இரட்டைச் சிலிண்டர் ஜப்பான் வண்டி. இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர், இரண்டு சைலன்சர். இரட்டைப் பிள்ளை பெற்றவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும். ஒன்று அழும்போது மற்றொன்று தூங்கும்.

தினமும் காலையில் சேபோய் வண்டியை உதைத்து ஓடவிட்டு, பின்னால் போய் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் இரண்டு சைலன்சர்களுக்கு நேரே நீட்டுவார். வலது கையில் படும் காற்றும் இடது கையில் படும் காற்றும் ஒரே அளவாக வரும்வரை கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்புவார். ஒருநாள் அவரைத் தேடி வந்த ஒரு பெண்மணி வேலிக்கு வெளியே நின்று கத்தினார்.

"சேபோய் அண்ணே! அங்க மாடு கத்திக்கிட்டு கெடக்கு, நீங்க இங்க வண்டிக்கு ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கீங்களா?"

"கொஞ்சம் பொறு தாயி. இதுக்கு ரெண்டு மூக்கு. ரெண்டும் ஒண்ணா மூச்சு விட்டாத்தான் உன் மாடு வரைக்கும் நான் வருவேன். இல்லேன்னா பாதி வழியில நானும் சேர்ந்து கத்தணும்."

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். அதற்கு அவர் வைத்திருந்த அளவுகோல் ஒன்றே ஒன்று. பிளக்கின் முனை கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம், பால் டீ நிறத்தில் இருந்தால் சரி. யாருடைய டீ? தபித்தா அம்மா போடும் டீ. ஒருமுறை எங்கள் சங்கத்தில் ஒருவர் ஓட்டல் டீயை வைத்து நிறம் பார்த்துவிட்டார். இரண்டு மாதம் அவருடைய வண்டி இருமிக்கொண்டே திரிந்தது.

கடைசியாக ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். கண் மூடிக் கிடந்தார். ஜன்னலுக்குக் கீழே வாடகை மோட்டார் சைக்கிள் ஒன்று போயிற்று. சேபோய் ஒரு விரலைத் தூக்கினார். நர்ஸ் ஓடி வந்தார். நான் குனிந்து காதைக் கொடுத்தேன். "அந்தப் பய சோக்கை இழுத்து விட்டுட்டே ஓட்டுறான் வாத்தியாரே. சொல்லிட்டு வாங்க" என்றார். இறங்கி ஓடிப்போய்ச் சொன்னேன். ஆமாம், சோக் இழுத்துத்தான் இருந்தது. திரும்பி மேலே வந்தபோது அவர் உறங்கிவிட்டிருந்தார். மறுநாள் போய்விட்டார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு நாம் வைத்த பெயர் என்ன? சொல்லுங்கள், ஏன் தலையைக் குனிகிறீர்கள்? "ஓட்டைப் பிஸ்டன்"! இருபத்தாறு ஆண்டுகளாக இட்டனில் பர்னபாஸ் என்றால் எவருக்கும் தெரியாது, ஓட்டைப் பிஸ்டன் என்றால் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். எனக்கு முன்னால் பேசிய செப்கோங்கா அவர்கள் என்ன செய்தார்? மலர்வளையம் கொண்டுவருவார் என்று பார்த்தோம். அந்தப் பிஸ்டனையே கொண்டுவந்தார்! பலகையில் அறைந்து, துணியால் துடைத்து, இருபத்தாறு ஆண்டுகள் கபர்நெட் சங்கத்தில் மாட்டி வைத்திருந்த அதே பிஸ்டன். "இந்த ஓட்டைதான் எங்களுக்கு முதல் வெற்றியைக் கொடுத்தது, இதை அவருடைய குடும்பத்திடமே ஒப்படைக்கிறோம்" என்று கண்ணீர் மல்கப் பேசினார். அவருடைய கண்ணீர் உண்மையானது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஜெரோட்டிச் அந்தப் பலகையை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அது மட்டுமா? நேற்று மாலை அடக்கக் குழு ஒரு தீர்மானம் போட்டது. கல்லறைப் பலகையில் "பர்னபாஸ் சேபோய்" என்று மட்டும் எழுதினால் யாருடையது என்று வருகிறவர்களுக்குத் தெரியாதாம். ஆகவே "பர்னபாஸ் சேபோய், ஓட்டைப் பிஸ்டன்" என்று எழுத வேண்டுமாம். அன்பில்தான் சொன்னார்கள். கையைத் தூக்கியவர்கள் பத்தொன்பது பேர். தூக்காதவர் தபித்தா அம்மா ஒருவர். நான் என்ன செய்தேன்? டீ ஊற்றிக்கொள்ள எழுந்து போய்விட்டேன். நாளைக் காலை எட்டு மணிக்கு மேஸ்திரி லிமோ உளியை எடுக்கப் போகிறார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள். லிமோ, நான் முடிக்கும்வரை போய்விடாதே.

கூட்டம் கலைந்த பிறகு ஜெரோட்டிச் என்னிடம் வந்தாள். நாளை மறுநாள் அவளுடைய அப்பாவைப் பள்ளத்தாக்கில், அவர் பிறந்த மண்ணில் அடக்கம் செய்யப் போகிறோம். ஊர்வலத்துக்கு முன்னால் அவருடைய வண்டி போக வேண்டும், அவள் ஓட்ட வேண்டும். அவள் கேட்டாள், "சார், கீழ இறங்குறதுக்கு முன்னாடி கார்புரேட்டர்ல பெட்ரோலை அளந்து விடுற ஜெட்டை நீங்களே பாத்து மாத்திக் குடுத்துடுங்க சார். நான் தொட்டா அப்பா மாதிரியே தப்புப் பண்ணிடுவேன்."

அப்பா மாதிரியே தப்பு.

சபையோரே, நேற்றிலிருந்து அந்த மூன்று வார்த்தை எனக்குச் சோறு இறங்கவிடவில்லை. ஆகவே நான் இப்போது இரங்கல் உரையை நிறுத்திவிட்டு இயற்பியல் பாடம் எடுக்கப் போகிறேன். மூன்று வரிதான்.

நம் இட்டன் எட்டாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்று மெலிசு. காற்று மெலிசாக இருக்கும் இடத்தில் கார்புரேட்டர் பழைய அளவிலேயே பெட்ரோல் விட்டால் பிளக் கறுக்கும், வண்டி இருமும். பள்ளத்தாக்கில் காற்று தடிப்பு. அங்கே பெட்ரோல் குறைந்தால் இன்ஜின் கொதித்துப் பிஸ்டன் உருகும்.

இது யாருக்குத் தெரியாது? நம் ஊர்ப் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்! நம் ஓட்டக்காரப் பிள்ளைகள் ஊர் ஊராகப் போய்ப் பதக்கம் வாங்குவது எதனால்? இந்த மெலிந்த காற்றால். வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறி வந்து, நம்மிடம் இல்லாத காற்றை வாடகைக்கு எடுத்து மூச்சு வாங்குகிறார்களே, எதற்கு? இந்த மெலிந்த காற்றுக்கு. மனிதனுடைய நுரையீரலைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஊரில் மோட்டார் சைக்கிளின் நுரையீரலைப் பற்றி ஒரே ஒருவன் மறந்துபோனான். யார் அவன்?

தொண்ணூற்றேழாம் ஆண்டு. கபர்நெட் சங்கத்தோடு முதல் போட்டி. இட்டனில் கிளம்பி, பள்ளத்தாக்கில் இறங்கி, ஆற்றுப் பாலம் தாண்டி, அக்கரை மலையேற வேண்டும். பரிசு ஓர் அலுமினிய டீ கெட்டில். சிரிக்காதீர்கள், அந்தக் கெட்டிலுக்காக இரண்டு மலையும் தூக்கம் இழந்து கிடந்தன. போட்டிக்கு முந்தின நாள் சேபோயின் முற்றத்துக்கு ஒருவன் ஒரு பொட்டலத்தோடு வந்தான். உள்ளே நைரோபியிலிருந்து அவனுடைய மருமகன் அனுப்பிய இரண்டு ஏர் பில்டர். கூம்பு வடிவம். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. வண்டியோடு வந்த பழைய காற்றுப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, கார்புரேட்டரின் வாயிலேயே நேராக மாட்டிவிடலாம்.

சேபோய் தலையைச் சொறிந்தார். "பெட்டிக்கு என்ன கேடு? அது பாட்டுக்கு மூச்சு விட்டுக்கிட்டுத்தானே இருக்கு?"

"அது மூச்சா? மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுற மாதிரி ஓடுது. இதை மாட்டுங்க, பிச்சுக்கிட்டுப் போகும்."

"காத்து கூடினா பெட்ரோலும் கூடணுமே. ஒரு சுத்து பெரிய ஜெட் ரெண்டு வச்சிருக்கேன். போட்டுடட்டுமா?"

அந்த மனிதன் பில்டரைத் தன் கையாலேயே மாட்டினான். வண்டியை எடுத்துச் சந்தை வரை ஒரு சுற்றுப் போய்வந்தான். பிளக்கைக் கழற்றி சேபோயின் மூக்குக்கு நேரே பிடித்தான்.

"பாருங்க. டீ கலர். உங்க வீட்டு டீ கலர். ஜெட் எதுக்கு?"

"இங்க சரிதான். கீழ காத்து தடிப்பா இருக்குமே. மேட்டு மாட்டைக் கீழ ஓட்டிட்டுப் போனா அதுக்கு மூச்சே மாறிடும், நான் பாத்திருக்கேன்."

"மாட்டையும் மோட்டாரையும் போட்டுக் குழப்பாதீங்க. இயற்பியல் படிச்சது நீங்களா நானா?"

"நீங்கதான் வாத்தியாரே."

"அப்ப ஜெட்டை எடுத்துப் பைக்குள்ள போடுங்க."

ஆம், சபையோரே! அந்த மனிதன் இந்த மைக்கின் முன்னால் நிற்கிறான். நான்தான்! பில்டரை மாட்டியது நான். ஜெட்டை மாற்ற வேண்டாம் என்றது நான். காற்றழுத்தத்தைப் பாடம் நடத்திச் சம்பளம் வாங்கிய நான், காற்றழுத்தத்தை மறந்தேன்! மாட்டின் மூக்கைப் பார்த்துச் சொன்ன சேபோய் சொன்னதுதான் சரி.

செப்கோங்கா அவர்களே, உட்காருங்கள். இன்னும் இருக்கிறது.

மறுநாள் நடந்தது உங்களுக்குத் தெரியும். இறக்கத்தில் சேபோய்தான் முதல். சமவெளி வந்ததும் முழு ஆக்சிலரேட்டரையும் முறுக்கினார். பாலத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் வலது பிஸ்டன் நடுவில் ஓட்டை. செப்கோங்கா பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தாராம். உதவி செய்யவா? இல்லை, ஹாரன் அடிக்க. ஆடு ஏற்றி வந்த லாரியில் சேபோயும் வண்டியும் ஊர் திரும்பினார்கள். லாரி சந்திப்பில் நின்றபோது நானும் கூட்டத்தில் ஒருவன். முகமெல்லாம் புழுதி, தோளில் ஓர் ஆட்டுக்குட்டி, இறங்குகிறார் மனிதர்.

"எந்தப் புண்ணியவான்யா இந்தக் கூம்பை மாட்டினது?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

சேபோய் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். அன்றைக்கு அந்தச் செருப்பில் எத்தனை தையல் என்று இன்று கேட்டாலும் சொல்வேன்.

"நான்தான் மாட்டினேன்" என்றார் சேபோய். "அவசரத்துல ஜெட் மாத்த மறந்துட்டேன்."

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். பிஸ்டனை அதற்குள் செப்கோங்காவின் ஆட்கள் நினைவுச் சின்னமாக வாங்கிப் போய்விட்டிருந்தார்கள். "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். புளித்த பாலை ஒரு குவளையில் ஊற்றி என் கையில் கொடுத்தார்.

"திங்கக்கிழமை உங்களுக்குத் தலைமையாசிரியர் இன்டர்வியூ இல்ல? வாத்தியார் பேரு கெட்டா நாப்பது பிள்ளைங்க காத்தழுத்தத்தையே நம்பாது. ஊசிக்காரன் பேரு கெட்டா என்ன, மாடு சினை நிக்காமலா போயிடும்?"

நான் குடித்தேன். என்ன மனிதன் நான்! குடித்து முடித்துக் குவளையையும் நீட்டினேன், அவர் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

"என்னிக்காவது நீங்களே சொல்லிடுங்க வாத்தியாரே" என்றார். "அவசரம் ஒண்ணும் இல்ல."

அவசரம் இல்லை என்றார் அல்லவா? அந்த ஒரு சொல்லை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை வேலை கிடைத்தது. தலைமையாசிரியர் ஆனவுடன் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனபிறகு, தலைமையாசிரியர் சொன்னால் பள்ளிக்கே கேவலம் என்று நினைத்தேன். ஓய்வு பெற்றதும் சொல்லலாம் என்று நினைத்தேன். ஓய்வு பெற்றபோது, இனி யாருக்கு அக்கறை என்று நினைத்தேன். கோழைக்குத்தான் எத்தனை காரணம் கிடைக்கிறது!

இன்னொன்றும் செய்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் சொன்னதெல்லாம் வீண். காற்றழுத்தப் பாடம் வரும்போதெல்லாம், உயரத்துக்கு உயரம் காற்றின் அடர்த்தி மாறும் என்பதற்கு நான் கொடுத்த உதாரணம் எது? "இதை மறந்தவன் கதி என்ன ஆகும்? சேபோயின் பிஸ்டன் கதிதான் ஆகும்!" வகுப்பே கொல்லென்று சிரிக்கும். பன்னிரண்டு வருடம் அந்த நகைச்சுவையை வைத்துப் பிழைத்தேன். ஒரு வருடம் மூன்றாவது வரிசையில் ஜெரோட்டிச் உட்கார்ந்திருந்தாள். அவள் இருப்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னேன். வாய்க்குப் பழகிவிட்டது.

அவள் வீட்டுக்குப் போய் அழுதாளாம். இதை தபித்தா அம்மா நேற்றுத்தான் என்னிடம் சொன்னார்கள். சேபோய் அவளைக் கூப்பிட்டு என்ன சொன்னாராம்? "வாத்தியார் சொல்றது சரிதான்மா. நல்லா எழுதி வச்சுக்கோ, பரீட்சைக்கு வரும்."

பரீட்சைக்கு வந்தது. நான்தான் கேள்வித்தாள் எடுத்தேன். அவள் முழு மதிப்பெண் வாங்கினாள்.

இப்போது ஏன் ஒருவரும் சிரிக்கவில்லை? சிரியுங்கள். இந்த முறை என்னைப் பார்த்துச் சிரியுங்கள். இருபத்தாறு வருடம் அவர் வாங்கிக்கொண்ட சிரிப்பு முழுவதும் என் வீட்டு முகவரிக்கு வந்திருக்க வேண்டியது.

சேபோய் அவர்களே! உங்களிடம் சொல்ல வேண்டியதை உங்கள் சவப்பெட்டியிடம் சொல்கிறேன். நீங்கள் இருந்தபோது சொல்லியிருந்தால், "அதுக்கென்ன வாத்தியாரே, பால் குடிங்க" என்றிருப்பீர்கள். அந்தப் பாலைக் குடிக்க எனக்குத் தைரியம் இல்லாமல் போயிற்று. என்னை மன்னியுங்கள்.

இனி நம் கடமை என்ன? சங்கத்தின் செயலாளராக நான் இந்த இடத்தில் உறுதி ஏற்கிறேன். என்னோடு எழுந்து நின்று நீங்களும் ஏற்றுக்கொள்ளுங்கள். மெத்தை நாற்காலிக்காரரே, நீங்களும்தான். பளபளப்பைப் பார்த்து எதையும் மாட்ட மாட்டோம். மாட்டினால் ஜெட்டை மாற்றாமல் மலையிறங்க மாட்டோம். பிளக்கின் நிறத்தை மேட்டில் ஒருமுறையும் பள்ளத்தில் ஒருமுறையும் பார்ப்போம். பசு கூப்பிட்டால் முதல் உதையில் கிளம்புவோம். ஒருவன் செய்த தப்பை இன்னொருவன் தோளில் ஏற்ற மாட்டோம். இது சேபோய் விட்டுப்போன வேலை, இதை நாங்கள் தொடர்வோம்.

மேஸ்திரி லிமோ, எழுந்திரு. "பர்னபாஸ் சேபோய். சினை ஊசி போட்டவர். கார்புரேட்டர் அறிந்தவர்." அவ்வளவுதான் எழுத வேண்டும். மற்ற இரண்டு வார்த்தைக்கும் அளவு எடுத்துவிட்டேன் என்று சொல்லாதே. எனக்கு எழுபத்து மூன்று வயது. அந்த அளவை என் கல்லறைக்கென்று எடுத்துப் பத்திரமாக வை, ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்காது.

தீர்மானத்தை மாற்ற விரும்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள். பத்தொன்பது கையும் எனக்குத் தெரிய வேண்டும். செப்கோங்கா, நீங்கள் இந்தக் குழுவில் இல்லை, கையை இறக்குங்கள். சரி, போகட்டும், தூக்கியே இருங்கள்.

ஜெரோட்டிச், நீ நேற்று என்னிடம் ஒரு வேலை கேட்டாய். அதை நான் செய்ய மாட்டேன். உங்கப்பா தப்புப் பண்ணவில்லை, அம்மா. தப்பு என்னுடையது, சரி அவருடையது. நாளை மறுநாள் காலை வண்டியை இந்த மேட்டின் விளிம்பில் நிறுத்து. கார்புரேட்டரை நீயே திற. நான் உன் பக்கத்தில் மண்டியிட்டுத் திருப்புளியை நீட்டிக்கொண்டிருப்பேன். எந்த ஜெட் போட வேண்டும் என்று நீ சொல். இந்த முறை நான் கேட்டுக்கொள்கிறேன்.